கம்பிக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை

இரவெல்லாம் மழை. காலையில் அவசரமாக ஒருவரிடம் பேச வேண்டும். வீட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைக்கிறீர்கள். வழக்கமான ஒலி இல்லை. தட்டிப் பார்க்கிறீர்கள், கம்பியை அசைத்துப் பார்க்கிறீர்கள். பயனில்லை. பக்கத்து வீட்டிலிருந்து புகார் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறீர்கள்.

மறுநாள் லைன்மேன் வருகிறார். உங்கள் வீட்டுக்கு வருமுன்பே தெருமுனையில் உள்ள இரும்புப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகள். எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரிதான். அவர் கையிலுள்ள சீட்டைப் பார்க்கிறார். அத்தனை கம்பிகளுக்குள்ளும் ஒரே ஓர் இணையைப் பிடித்து எடுக்கிறார். சிறிது நேரத்தில் உங்கள் தொலைபேசிக்கு உயிர் வந்துவிடுகிறது.

அந்த இணைதான் உங்களுடையது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? கம்பியில் உங்கள் பெயர் எழுதியிருக்கவில்லை. பெயர் எழுதியிருந்த இடம் வேறு. அது அவர் கையிலிருந்த சீட்டு. அந்தச் சீட்டைத் தந்த பேரேடு.

தொலைத்தொடர்பு என்றதும் நமக்குக் கம்பியும் கோபுரமும் செயற்கைக் கோளும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கம்பி யாருக்கு, எது பழுது, எது காலி, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் ஏட்டில்தான் இருக்கிறது. இன்று அவர் மனிதர் அல்லர், கணிப்பொறி. இந்தக் கணிப்பொறி ஏற்பாடுகளைப் பொறியாளர்கள் ‘இயக்கத் துணை அமைப்புகள்’ என்று அழைக்கிறார்கள். இவை எப்படித் தோன்றின, எப்படி வேலை செய்கின்றன, இவற்றைத் திருத்தி அமைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு கம்பியின் பயணம்

செம்புக் கம்பித் தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்படுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்ததே ஓர் ‘இணை’. இது முதலில் அருகிலுள்ள கம்பத்துப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து தெருமுனைப் பெட்டிக்கு. அங்கிருந்து, நூற்றுக்கணக்கான இணைகள் திரண்ட தடித்த கேபிளுக்குள் புகுந்து, நிலத்தடியில் ஓடி, இணைப்பகத்தை அடைகிறது.

இணைப்பகத்தில் ஓர் அறை முழுவதும் உயரமான இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். ஊழியர்கள் அதனை எம்.டி.எஃப். என்பார்கள். சட்டத்தின் ஒரு பக்கத்தில் தெருவிலிருந்து வரும் கேபிள்கள் வந்து முடிகின்றன. மறு பக்கத்தில் அழைப்புகளை இணைக்கும் இயந்திரத்தின் முனைகள் இருக்கின்றன. இரண்டு பக்கங்களையும் ‘ஜம்பர்’ என்னும் மெல்லிய கம்பி சேர்க்கிறது. அந்த ஜம்பர் எந்த முனையில் போய் முடிகிறதோ, அதுவே உங்கள் தொலைபேசி எண்ணைத் தீர்மானிக்கிறது.

ஆகவே உங்கள் எண்ணுக்கு உரிய பாதையை அறிய வேண்டுமானால் எத்தனை குறிப்புகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் எந்த முனை? ஜம்பர் எங்கே? எந்தக் கேபிள்? அதில் எத்தனையாவது இணை? எந்தத் தெருமுனைப் பெட்டி? எந்தக் கம்பம்? இவற்றுள் ஒன்று தவறினாலும் லைன்மேன் வேறு யாருடைய கம்பியையோ அறுத்துவிடுவார்.

பல ஆண்டுக் காலம் இக்குறிப்புகள் அட்டைகளில் கையால் எழுதப்பட்டன. சில ஆயிரம் தொலைபேசிகள் இருந்தவரை அட்டைகள் போதுமானவையாக இருந்தன.

நியூயார்க்கில் வந்த நெருக்கடி

அமெரிக்காவில் அப்பொழுது பெரும்பாலான தொலைபேசிகள் ‘பெல் அமைப்பு’ என்ற ஒரே குடையின்கீழ் இருந்தன. 1969, 1970 ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் அதன் சேவை தடுமாறியது. தேவை, எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறிவிட்டது. தொலைபேசியை எடுத்தால் ஒலி வருவதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அழைப்புகள் நடுவழியில் அறுந்தன. பழுதுகள் குவிந்தன. கம்பிகளும் ஆட்களும் போதவில்லை என்பது மட்டுமல்ல. எங்கே எது இருக்கிறது, எங்கே எவ்வளவு நெரிசல் என்பதை உடனுக்குடன் அறியும் வழியும் போதவில்லை.

ஏறத்தாழ பத்து லட்சம் ஊழியர்களைக் கொண்டிருந்த அந்நிறுவனம் 1970களில் இப்பணிகளைக் கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. பெல் ஆய்வுக்கூடம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அமைப்புகளை உருவாக்கியது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது எல்மாஸ். வாடிக்கையாளரின் கம்பியைப் பற்றிய குறிப்புகளையும் அவர் சொன்ன புகார்களையும் இது காத்து வந்தது. புகார் வந்தவுடன் அட்டைப் பெட்டியைத் தேடி ஓட வேண்டியதில்லை. எண்ணைத் தட்டினால் கம்பியின் வரலாறே திரையில் தோன்றும்.

இரண்டாவது காஸ்மாஸ். இது எம்.டி.எஃப். சட்டத்தைக் கவனித்துக்கொண்டது. புதிய இணைப்பு வேண்டும் என்றால் இயந்திரத்தின் எந்த முனையைக் கொடுப்பது? தோன்றியபடி கொடுத்தால் ஜம்பர்கள் சட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று குவிந்து புதராகிவிடும். பின்னர் ஒன்றை உருவ முயன்றால் பத்து அறும். அருகருகே உள்ள முனைகளைத் தேடிக் கொடுத்து ஜம்பரைக் குட்டையாக வைத்திருப்பதே காஸ்மாஸின் வேலை.

மூன்றாவது டிர்க்ஸ். இணைப்பகத்துக்கும் இணைப்பகத்துக்கும் இடையே, ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் பெருவழிகளையும் அவற்றில் பொருத்தப்பட்ட கருவிகளையும் கணக்கில் வைத்தது இது.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ் என்னும் இயக்க மென்பொருள். இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் மென்பொருளுக்கு அது பாட்டன் முறை. 1970களில் அது செய்த தொடக்ககால வேலைகளுள் ஒன்று, இணைப்பகங்களைத் தொலைவிலிருந்து மேற்பார்வை செய்யும் சிறு கணிப்பொறிகளை இயக்குவதுதான்!

உட்கார்ந்த இடத்திலிருந்தே பழுதைக் காணுதல்

புகார் வந்ததும் கணிப்பொறி கம்பியைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டது. இது மாயம் அன்று. பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான்.

அருகருகே செல்லும் இரண்டு கம்பிகளுக்கு இடையே காப்புப் பொருள் இருந்தால் அது ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும் என்பதை அறிவோம். தொலைபேசி இணையும் அப்படித்தான். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இணையின் மின்தேக்குத் திறன் சுமார் 0.05 மைக்ரோஃபாரடு. நீளம் கூடக் கூட இதுவும் அதே விகிதத்தில் கூடும். ஒரு கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பகத்திலிருந்து அளந்தால் 0.15 மைக்ரோஃபாரடு காட்டுகிறது. அப்படியானால் இணைப்பகத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் கம்பி நன்றாக இருக்கிறது, அங்கேதான் அறுந்திருக்கிறது.

மழைநீர் புகுந்தாலும் கண்டுபிடிக்கலாம். நல்ல கேபிளில் இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள மின்தடை பல லட்சம் ஓம் இருக்கும். ஈரம் புகுந்தால் அது சில ஆயிரம் ஓமாகச் சரிந்துவிடும்.

இன்று பல இடங்களில் செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவிட்டது. தத்துவம் மாறவில்லை, கருவி மாறியிருக்கிறது. இழைக்குள் ஓர் ஒளித் துடிப்பைச் செலுத்தினால் அறுந்த இடத்தில் பட்டு ஒரு பகுதி திரும்பி வருகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு வினாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆனால் மொத்தத் தொலைவு 20 கிலோமீட்டர். ஆகவே அறுந்த இடம் 10 கிலோமீட்டரில் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி. 3 கிலோமீட்டர் என்று அளவு சொல்கிறது. சரி, எந்தத் தெரு வழியாக 3 கிலோமீட்டர்? அந்தக் கம்பி கடைத்தெரு வழியாகப் போகிறதா, ஆற்றங்கரை வழியாகப் போகிறதா? அளவைக் கருவிக்கு அது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது பேரேடு. பேரேடு தவறாக இருந்தால் மிகத் துல்லியமான அளவும் வீண். பள்ளம் ஒரு தெருவில், பழுது மறு தெருவில் என்று ஆகிவிடும்.

ஏட்டுச் சுரைக்காய்

பேரேடு ஏன் தவறாகிறது? யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

இரவு எட்டு மணி. கொட்டும் மழையில் லைன்மேன் ஒருவர் கம்பத்தின்மேல் நிற்கிறார். மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அதற்குரிய 37ஆவது இணை பழுது. 52ஆவது இணை காலியாக இருப்பதைக் காண்கிறார். அதில் மாற்றிக் கட்டுகிறார். தொலைபேசி வேலை செய்கிறது. அவர் செய்தது நல்ல வேலை. ஆனால் நனைந்த சட்டையுடன் வீட்டுக்குப் போனவர் மறுநாள் அந்த மாற்றத்தை எழுதிக்கொடுக்க மறந்துவிடுகிறார்.

அந்தக் கணத்திலிருந்து ஏடு ஒன்று சொல்கிறது. கம்பம் வேறொன்று சொல்கிறது. மூன்று மாதம் கழித்துப் புதிய வாடிக்கையாளர் ஒருவர் இணைப்புக் கேட்கிறார். கணிப்பொறி தன் ஏட்டைப் பார்க்கிறது. 52ஆவது இணை காலி என்கிறது. அதை அவருக்கு ஒதுக்குகிறது. வேறொரு லைன்மேன் சீட்டுடன் வருகிறார். ஏட்டை நம்பிக் கம்பியை அவிழ்த்தால் மருத்துவமனையின் தொலைபேசி போய்விடும். நம்பாவிட்டால் புதிய வாடிக்கையாளருக்கு இணைப்பு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இத்தகைய சிறு தவறுகள் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் இணைப்பு ஆணை ஆறு கணிப்பொறி அமைப்புகளைக் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வொன்றின் ஏட்டிலும் 100க்கு 95 குறிப்புகள் சரியானவை என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறையும் தடையின்றிக் கடக்கும் ஆணைகள் எத்தனை? 0.95 என்பதை ஆறு முறை பெருக்கினால் சுமார் 0.735 வரும். அதாவது 100 ஆணைகளில் ஏறக்குறைய 26 எங்கோ ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். அவற்றை ஒருவர் கையால் எடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஏடுகளின் சரித்தன்மை 95இலிருந்து 99க்கு உயர்ந்தால் சிக்குபவை சுமார் 6ஆகக் குறைந்துவிடும். புதிய கணிப்பொறி எதுவும் வாங்காமலே கிடைத்த முன்னேற்றம் இது!

சிக்கலாகிப்போன நூற்கண்டு

கணிப்பொறி அமைப்புகள் ஒன்றல்ல, பல என்று பார்த்தோம். ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்று பிறந்தது. புகாருக்கு ஒன்று, கம்பிக் கணக்குக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். பத்து அமைப்புகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதானால் 45 இணைப்புகள் வேண்டும். ஐம்பது அமைப்புகள் என்றால் 1,225 இணைப்புகள்! ஒன்றைத் தொட்டால் எது அறும் என்று எவராலும் சொல்ல முடியாது. எம்.டி.எஃப். சட்டத்தில் பார்த்த அதே ஜம்பர்ப் புதர், இப்பொழுது மென்பொருளுக்குள்.

இதற்குத் தீர்வு பொதுமொழி. கருவிகளும் அமைப்புகளும் ஒத்துக்கொண்ட ஒரே முறையில் பேசிக்கொண்டால் சிக்கல் குறையும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கெனத் தர நெறிகளை வகுத்தது. கட்டடத்தின் மாடிகளைப் போல நான்கு அடுக்குகளை அது காட்டியது. கீழே தனித்தனிக் கருவிகளைக் கவனிப்பது. அதன்மேல் முழு வலையமைப்பையும் கவனிப்பது. அதன்மேல் வாடிக்கையாளர் பெறும் சேவையைக் கவனிப்பது. உச்சியில் வணிகத்தைக் கவனிப்பது. செய்ய வேண்டிய கடமைகளும் ஐந்தாகப் பிரிக்கப்பட்டன: பழுது பார்த்தல், அமைப்பை மாற்றுதல், கணக்கு வைத்தல், திறனை அளத்தல், பாதுகாத்தல். 1988ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனக் கூட்டமைப்பு ஒன்று இன்று டி.எம். ஃபோரம் என்ற பெயரில் இப்பொதுமொழியை வளர்த்து வருகிறது.

அடுக்குகளின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சாலை தோண்டும் இயந்திரம் ஒரு கண்ணாடி இழைக் கேபிளை அறுத்துவிடுகிறது. அதைச் சார்ந்திருந்த கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் அலறுகின்றன. மேற்பார்வை அறையில் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் குவிகின்றன. உண்மையில் பழுது ஒன்றே ஒன்று. எந்தக் கருவி எந்தக் கேபிளைச் சார்ந்தது என்ற குறிப்பு சரியாக இருந்தால், இத்தனை கூக்குரலுக்கும் மூலம் இந்த ஓர் இடம்தான் என்று கணிப்பொறியே பிரித்துச் சொல்லிவிடும். குறிப்பு தவறானால் அது ஆயிரம் பழுதுகளாகவே தெரியும்.

நம் கைப்பேசிக்கும் உறவு உண்டு

அமெரிக்காவின் பெல் அமைப்பு 1984ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பல நிறுவனங்களாகப் பிரிந்தது. பிரிந்து வந்த வட்டார நிறுவனங்கள், தங்களுக்குப் பொதுவான இந்தப் பேரேட்டு வேலைகளைக் கவனிக்கப் பெல்கோர் என்ற நிறுவனத்தை வைத்துக்கொண்டன. அது 1999இல் டெல்கோர்டியா என்று பெயர் மாறியது.

இந்தக் கிளையின் ஒரு விழுது தமிழ்நாடுவரை வந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமலே கைப்பேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. இதற்காக நாடு இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. தமிழ்நாடு அடங்கிய தென்–கிழக்கு மண்டலத்தின் பொறுப்பு டெல்கோர்டியாவின் வழிவந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. நீங்கள் 1900 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி ஒரு குறியீட்டைப் பெறும்போது நடப்பது என்ன? எந்தக் கோபுரமும் நகர்வதில்லை. எந்தக் கம்பியும் மாற்றிக் கட்டப்படுவதில்லை. உங்களைக் கொடுக்கும் நிறுவனத்தின் ஏடு, பெறும் நிறுவனத்தின் ஏடு, நடுவர் ஏடு ஆகியவற்றில் ஒரு வரி திருத்தப்படுகிறது. இவை ஒத்துப்போகாவிட்டால் உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பு பழைய வாசலில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அவசர மாற்றம் தந்த பாடம்

பழைய அமைப்புகள் சிக்கலானவை என்றால், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்று மூன்று மாநிலங்கள் இருக்கின்றன. அங்கு வெரைசான் நிறுவனம் நடத்தி வந்த கம்பித் தொலைபேசிச் சேவையை 2008ஆம் ஆண்டு ஃபேர்பாயின்ட் என்ற சிறிய நிறுவனம் வாங்கியது. கம்பங்கள், கம்பிகள், ஊழியர்கள் எல்லாம் கைமாறின. ஆனால் கணக்குப்பிள்ளை கைமாறவில்லை! துணை அமைப்புகள் வெரைசானுடையவை. புதியவை தயாராகும்வரை அவற்றுக்கு மாதந்தோறும் பெருந்தொகை கட்டணமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் விடுபட வேண்டும் என்ற நெருக்கடி இயல்பாகவே எழுந்தது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையில், ஒரே பாய்ச்சலில் பழைய ஏடுகளை மூடிவிட்டுப் புதிய ஏடுகளைத் திறந்தார்கள். ஆணைகள் ஓர் அமைப்பிலிருந்து அடுத்ததற்குத் தானாக ஓட வேண்டும் என்பது திட்டம். ஓடவில்லை, நடுவே சிக்கின. புதிய இணைப்புக் கேட்டவர்கள் காத்திருந்தார்கள். பில்கள் தவறாக வந்தன. புகார் சொல்ல அழைத்தவர்கள் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். கம்பத்தில் இருந்த கம்பி நேற்று இருந்த அதே கம்பிதான். அதைப் பற்றிய அறிவு மட்டுமே கலைந்துபோயிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஃபேர்பாயின்ட் திவால் பாதுகாப்புக் கோரியது. பெருங்கடனும் வாடிக்கையாளர் குறைந்து வந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆயினும் ஏடு மாற்றத்தால் வந்த குழப்பம் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை.

இது முதல் நிகழ்ச்சியும் அன்று. ஹவாய்த் தீவுகளின் தொலைபேசி நிறுவனம் 2005இல் அதே வெரைசானிடமிருந்து கைமாறியது. 2006இல் புதிய அமைப்புகளுக்கு மாறித் தொல்லைப்பட்டது. 2008 டிசம்பரில் அதுவும் திவால் பாதுகாப்பை நாடியது.

கணக்குப்பிள்ளையே பூட்டிய அறைக்குள்

இன்னொரு பாடம் கனடாவிலிருந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அதிகாலை. ராஜர்ஸ் என்னும் பெரிய நிறுவனம் தன் வலையமைப்பின் மையப் பகுதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டிக் கருவி ஒன்றில் இருந்த வடிகட்டி விதி நீக்கப்பட்டது. உடனே வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மையக் கருவிகளை மூழ்கடித்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைப்பேசியும் இணையமும் இழந்தார்கள். கடைகளில் வங்கி அட்டை செல்லவில்லை. 911 என்னும் அவசர உதவி எண்ணைக்கூடப் பலரால் அழைக்க முடியவில்லை.

பொறியாளர்கள் ஏன் உடனே சரிசெய்யவில்லை? கருவிகளைத் தொலைவிலிருந்து கவனிக்கும் மேற்பார்வைப் பாதையும் அதே வலையமைப்பின் வழியாகவே சென்றது. வலை விழுந்ததும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டிய கைகளும் கட்டப்பட்டுவிட்டன. ஊழியர்களின் கைப்பேசிகளும் அந்நிறுவனத்தினுடையவையே. ஆகவே ஒருவரோடொருவர் பேசவும் திண்டாடினார்கள். வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைத் தொலைவிடங்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் ஆயிற்று என்று கனடாவின் ஒழுங்குமுறை ஆணையத்துக்காகத் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கை கூறுகிறது.

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. சாவிக்கென்று தனி இடம் வேண்டும். மேற்பார்வைக்கென்று தனிப் பாதை வேண்டும்.

திருத்தம் என்பது எங்கே தொடங்குகிறது?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இயக்கத் துணை அமைப்புகளைத் திருத்தி அமைக்கும் வேலைக்குச் சில அடிப்படைகள் புலப்படுகின்றன.

முதலாவது, புதிய கணிப்பொறி வாங்குமுன் பழைய ஏட்டைத் திருத்த வேண்டும். தவறான ஏட்டை வேகமான கணிப்பொறியில் ஏற்றினால் தவறும் வேகமாக நடக்கும். கருவிகளையே நேரில் கேட்டு, ‘நீ எங்கே இருக்கிறாய், உன்னோடு இணைந்திருப்பது எது?’ என்று விடை பெற்று, அந்த விடையை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று இயலும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் கேபிள் பேசாது. அதற்கு மனிதர்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே பாய்ச்சல் ஆபத்தானது. ஒரு வட்டாரம், ஒரு சேவை என்று சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். புதியது தவறினால் பழையதற்குத் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கவனிப்பவர் கவனிக்கப்படும் பொருளைச் சார்ந்திருக்கக் கூடாது.

நான்காவது, மற்ற மூன்றையும்விட எளிதில் மறக்கப்படுவது: ஏட்டைச் சரியாக வைத்திருப்பவர் கம்பத்தின்மேல் நிற்கும் மனிதர். மாற்றத்தைப் பதிவு செய்வது அவருக்குச் சுமையாக இருந்தால் ஏடு நாளுக்கு நாள் பொய்யாகிக்கொண்டே போகும். மழையில் நனைந்தபடியே, கையிலுள்ள கருவியில் இரண்டே தட்டுதலில் ‘37க்குப் பதில் 52’ என்று அவர் பதிந்துவிட முடியுமானால், அதுவே பல கோடி ரூபாய் மென்பொருளைவிடப் பெரிய முன்னேற்றம். அமைப்பை வடிவமைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

இன்று இணைப்புகளைத் தானே அமைத்து, பழுதுகளைத் தானே ஆற்றிக்கொள்ளும் வலையமைப்புகளைப் பற்றிப் பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கைகளைப் பிரித்தறிகிறது. நல்லதுதான். ஆனால் அந்த நுண்ணறிவும் எதை நம்பி முடிவெடுக்கும்? அதே பேரேட்டைத்தான். 52ஆவது இணை காலி என்று ஏடு சொன்னால் அதுவும் மருத்துவமனையின் கம்பியை அவிழ்த்துவிடும். மனிதரைப் போல ஒரு கணம் தயங்கக்கூடச் செய்யாது.

அடுத்த முறை தெருமுனையில் ஒருவர் பெட்டியைத் திறந்து, கம்பிக் கூட்டத்துக்கு நடுவே எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அவர் நேரத்தை வீணாக்கவில்லை. அவர் எழுதும் அந்த ஒரு வரியை நம்பித்தான் என்றோ ஒரு நள்ளிரவில், யாரோ ஒருவர் மருத்துவரை அழைக்கப் போகிறார்.